புழுவைக் கொல்லும் வைரஸ், செல்லைச் சாகவிடாத புரதம்: கேள்வி பதில்

பூச்சிகளைத் தாக்கும் பேக்குலோவைரஸ்கள் பற்றியும் செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் திட்டமிட்ட செல் இறப்பு (அப்போப்டோசிஸ்) பற்றியும் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு, இத்துறையில் பணியாற்றும் ஆய்வாளர் ஒருவரின் பதில்கள்.

வைரஸ் தாக்கிய புழு ஏன் செடியின் உச்சிக்கு ஏறிச் சாகிறது?

வைரஸுக்கு அதுதான் வசதி. லைமாந்திரியா டிஸ்பார் என்ற அந்துப்பூச்சியின் புழுவை வைத்து 2011இல் வெளியான ஆய்வு, இதில் வைரஸின் ஈஜிடி மரபணுவுக்குப் பங்கு உண்டு என்று காட்டியது. அந்த மரபணு தரும் நொதி, தோலுரிப்புக்கான ஹார்மோனோடு ஒரு சர்க்கரை மூலக்கூறை ஒட்டி அதைச் செயலிழக்கச் செய்கிறது. மரபணுவை நீக்கிய வைரஸ் தொற்றிய புழுக்கள் உயரத்தில் சாகவில்லை. செத்த புழுவைத் தொட்டுப் பாருங்கள்: தோல் சட்டெனக் கிழிந்து கலங்கிய குழம்பு வழியும். வைரஸின் கைட்டினேஸ், கெத்தெப்சின் என்ற நொதிகள் உடலைக் கரைத்திருக்கும். அந்தக் குழம்பு முழுக்க வைரஸைப் பொதிந்த புரதப் படிகங்கள். அவை கீழுள்ள இலைகளில் சிந்த, அவற்றைத் தின்னும் அடுத்த புழுவின் காரத்தன்மை மிகுந்த நடுக்குடலில் படிகம் கரைந்து வைரஸ் வெளிப்படுகிறது.

மனிதரைத் தாக்குமா?

தாக்காது. மனித செல்லுக்குள் நுழையக்கூடும். ஆனால் அங்கே பெருகாது.

வைரஸைப் படிக்கப் போனவர்கள் செல் இறப்புக்கு எப்படி வந்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கதை இது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் லோயிஸ் மில்லரின் ஆய்வகத்தில் ஏசிஎம்என்பிவி என்ற பேக்குலோவைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வழக்கமாக அது தொற்றிய எஸ்எஃப்21 செல்களின் (ஓர் அந்துப்பூச்சியிலிருந்து எடுத்துத் தட்டில் வளர்த்தவை) உட்கரு வீங்கி, உள்ளே படிகங்கள் பளபளக்கும். ஆனால் ஒரு திரிந்த வைரஸ் தொற்றியபோது செல்கள் கொதிப்பதுபோல் கொப்புளித்து, ஒரே நாளுக்குள் துண்டு துண்டாகச் சிதறின. படிகமே இல்லை. அந்த வைரஸில் பி35 என்ற மரபணு பழுதுபட்டிருந்தது. தொற்றிய செல் தானே செத்து வைரஸின் பெருக்கத்தைத் தடுக்க முயல்கிறது, பி35 அதை முறியடிக்கிறது என்று ரோலி கிளெம், ஃபெக்ஹைமர், மில்லர் மூவரும் 1991இல் எழுதினார்கள்.

பி35 வேலை செய்யும் விதம் அபாரமானது. செல்லைக் கொல்லும் கேஸ்பேஸ் நொதிகளுக்குத் தன்னையே இரையாகக் கொடுக்கிறது. நொதி அதை வெட்டுகிறது. வெட்டிய கணமே அதனோடு பிணைந்து அங்கேயே சிக்கிக்கொள்கிறது. எலிப்பொறியில் தேங்காய்த் துண்டைக் கடித்த எலியின் நிலைதான். பூச்சி வைரஸின் இந்தப் புரதம் உருளைப்புழுவிலும் பழ ஈயிலும் பாலூட்டிகளின் செல்களிலும்கூட இறப்பைத் தடுக்கிறது. 1993இல் இதே குழுவினர் ஆப்பிளைத் துளைக்கும் அந்துப்பூச்சியின் வைரஸில் செல் இறப்பைத் தடுக்கும் ஐஏபி என்ற வேறு மரபணுவைக் கண்டார்கள். அதன் உறவினர்கள் பின்னர் மனிதரிடமும் கிடைத்தன.

என் செல்களில் கொப்புளங்கள் தெரிகின்றன. அப்போப்டோசிஸ் என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். கேஸ்பேஸ் செயல்பாட்டை அளந்தீர்களா? டிஎன்ஏ ஏணிபோல் துண்டாகிறதா? கேஸ்பேஸைத் தடுத்தால் கொப்புளம் நிற்கிறதா? இவற்றைப் பார்க்காமல் வெறும் படத்தை நம்பக் கூடாது. இன்னொன்று: வளர்ப்புத் தட்டில் உள்ள செல் பூச்சி ஆகாது. பி35 இல்லாத அதே வைரஸ், வேறோர் அந்துப்பூச்சியிலிருந்து எடுத்த டிஎன்-368 செல்களில் தடையின்றிப் பெருகுகிறது. எஸ்எஃப்21இல் மட்டும் பார்த்தவரும் டிஎன்-368இல் மட்டும் பார்த்தவரும் நேரெதிரான முடிவுகளுக்கு வந்திருப்பார்கள். அந்தந்தச் செல் எடுக்கப்பட்ட இனத்தின் புழுவில் சோதித்த பிறகுதான் விஷயம் தெளிந்தது.

என் உறவினரின் புற்றுநோய்க்கு ஐஏபி தடுப்பு மருந்து உதவுமா?

புற்றுநோய்ச் செல்லைச் சாகவிடாத ஐஏபியை முடக்கும் அந்த வகை மருந்துகளைச் சோதித்து வருகிறார்கள். உங்கள் உறவினருக்கு உதவுமா என்பதை அவரைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். நான் சொல்வது முறையல்ல.

பூச்சி வைரஸைக் கொண்டு தடுப்பூசி செய்கிறார்களாமே, மனிதருக்குத் தொற்றாதா?

இதே கேள்விக்கு மேலே பதில் இருக்கிறது. பூச்சி செல்லில் இந்த வைரஸைக் கொண்டு புரதம் தயாரித்து, சுத்திகரித்துத் தடுப்பூசி ஆக்குகிறார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எதிரான செர்வாரிக்ஸ் அப்படி வந்ததுதான். தயவுசெய்து முந்தைய பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

செல் இறப்பு வைரஸுக்கு எதிரான தற்காப்பு என்கிறீர்கள். ஆனால் ஏடிஸ் கொசுவில் செல் இறப்பைத் தடுக்கும் ஐஏபி1 மரபணுவை அடக்கியபோது, கொசு பரப்பும் சிண்ட்பிஸ் வைரஸ் கூடியதே? 2012இல் கிளெம் குழுவே வெளியிட்டது. உங்கள் கொள்கை உடைந்துவிட்டதல்லவா?

உடையவில்லை. அந்தச் சோதனையில் யார் சாகிறார்கள் என்று பாருங்கள். தொற்றிய செல், தொற்றாத செல் என்ற வேறுபாடின்றிக் குடல் செல்கள் சாகின்றன. குடல் என்ற மதிலே இடிந்தால் வைரஸ் எளிதாகப் பரவும். தற்காப்பு என்பது தொற்றிய செல் மட்டும், வைரஸ் பெருகுமுன் சாவது. 2015இல் அதே குழு, பழ ஈயின் ரீப்பர் என்ற கொலை மரபணுவைச் சிண்ட்பிஸுக்குள்ளேயே செருகிப் பார்த்தது. தொற்று மந்தப்பட்டது, நாளடைவில் வைரஸ் அந்த மரபணுவை வெட்டி எறிந்தது.

கூடுதல் சுமை எதுவானாலும் வைரஸ் எறியத்தானே செய்யும்?

நல்ல கேள்வி, ஆனால் அதையும் சோதித்திருக்கிறார்கள். அதே ரீப்பரைத் தலைகீழாகச் செருகிய வைரஸும் ஒப்பீட்டுக்கு இருந்தது. நீளம் ஒன்றுதான், புரதம் மட்டும் உருவாகாது. அதில் இழப்பு மிகக் குறைவு. ஆகவே வைரஸைத் தண்டித்தது சுமை அல்ல, செல்லின் சாவு.

அப்படியானால் இரண்டு முடிவுகளும் சரி என்கிறீர்களா?

ஆம். எந்தச் செல், எப்போது என்பதைச் சொல்லாமல் "செல் இறப்பு நல்லதா கெட்டதா" என்று கேட்பதே பிழை. நீங்கள் சொல்லக்கூடிய வலுவான மறுப்பு வேறு: ரீப்பரை வைரஸுக்குள் வைத்தது மனிதர்கள். இயல்பான தொற்றில் கொசுவின் செல் தானாக அத்தனை விரைவில் சாகிறதா என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும். அதைக் கொசுவின் குடலில்தான் காட்ட வேண்டும், தட்டில் அல்ல.

இத்துறையில் ஆய்வுக்கு வர விரும்புகிறேன். எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

செல் வளர்ப்பையும் மூலக்கூறு உயிரியலையும் எந்த ஆய்வகத்திலும் கற்பிப்பார்கள். புழு வளர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். தீவனம் தயாரிப்பது, முட்டைகளைக் கிருமிநீக்கம் செய்வது, ஒன்றையொன்று தின்னும் இனங்களைத் தனித்தனியாக அடைப்பது, கூட்டத்துக்குள் வேறு தொற்று நுழையாமல் காப்பது எல்லாம் அன்றாட வேலை, விடுமுறையும் கிடையாது. அந்த வளர்ப்பு இல்லாத ஆய்வகத்தில் சேருமுன் அவர்கள் பூச்சிகளை எங்கிருந்து பெறுகிறார்கள் என்று கேளுங்கள்.