பாய் பின்னத் தெரிந்தவர்

கேள்வி: சென்ற இதழில் டின் கியூ. லே என்ற வியட்நாம் கலைஞரைப் பற்றி ஐந்து பக்கம் எழுதியிருந்தீர்கள். புகைப்படங்களைக் கீற்றுக் கீற்றாக வெட்டிப் பாய் மாதிரி பின்னியிருக்கிறார். பழைய கடைகளில் யார் யாருடைய படங்களையோ வாங்கித் தைத்திருக்கிறார். இரண்டு பேர் செய்த ஹெலிகாப்டரைக் கொண்டுபோய் மியூசியத்தில் நிறுத்தியிருக்கிறார். இதில் அவர் வரைந்தது எது, எடுத்தது எது? கைவேலையைக் கலை என்று சொல்லி, போரைக் காட்டி வெளிநாட்டில் பெயர் வாங்கியவருக்கு இத்தனை பக்கமா? நீங்கள் போட்டிருந்த படமும் அச்சுக் கோளாறு மாதிரிதான் இருந்தது.
– வாசகர், திருச்சி

பதில்: கடைசி வரியில் நீங்கள் சொன்னது சரி. ஐந்தடி, ஆறடி அகலத்துக்குச் சுவரை அடைத்துத் தொங்குகிற படைப்பை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினால் அது சிதறித்தான் தெரியும். தவறு எங்களுடையது. மற்ற எதிலும் உங்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

‘கைவேலை’ என்பதை ஒரு வசவு போல எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைப் பேசிவிடுவோம். லே பிறந்தது 1968-இல், ஹா டியென் என்ற ஊரில். வியட்நாமின் தென்மேற்கு மூலை, தாண்டினால் கம்போடியா. குடும்பத்தில் ஒரு பெண்மணி புல்லால் பாய் பின்னுவார். அதைப் பார்த்து வளர்ந்த பையன் இவர். அப்போது கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் இயக்கத்தின் படைகள் எல்லை தாண்டி வந்து தாக்கத் தொடங்கியபின், 1978-இல் குடும்பம் ஊரை விட்டு ஓடியது. தாய்லாந்தில் அகதி வாழ்க்கை, அப்புறம் அமெரிக்கா. வீட்டுப் புகைப்படங்கள் கூட வரவில்லை. பாய் பின்னுவதைப் பார்த்த ஞாபகம் மட்டும் கூடவே வந்தது.

கலிஃபோர்னியாவில் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே வியட்நாம் போரைப் பற்றி ஒரு பாடம். அமெரிக்கச் சிப்பாய் பட்ட பாடு அதில் நிறைய இருந்தது. வியட்நாமியர் பட்ட பாட்டைத் தேட வேண்டியிருந்தது. கலை வரலாறு என்றால் ஐரோப்பிய ஓவியங்கள். அப்போதுதான் அந்த ஓவியங்களின் படங்களையும் தன் முகத்தையும் கீற்றாக வெட்டி, ஒன்றைப் பாவாகவும் ஒன்றை ஊடாகவும் வைத்துப் பின்னிப் பார்த்தார். அவர் படித்த வகுப்பில் அவருக்கு இல்லாத இடத்தை அவரே பின்னி எடுத்துக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தால் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும். பின்னினால் கரையாது. ஒரு கீற்று மேலே வரும், அடுத்த கட்டத்தில் உள்ளே போகும், மறுபடி மேலே வரும். எதை எங்கே மேலே விடுவது, எங்கே அழுத்துவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் கை முடிவு செய்தாக வேண்டும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் சின்னச் சின்னச் சதுரங்கள்தான். நாலடி பின்னால் வாருங்கள், ஒரு முகம் எழும்பி வரும். இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் அது பின்வாங்கி வேறொரு படம் முன்னே வரும். கோரைப்பாயில் ஓரம் பிரியாமல் மடித்துக் கட்டுவார்களே, அதுபோல லினன் நாடாவால் விளிம்பைக் கட்டுவார்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி: அவர் எடுத்த படமா? கம்போடியாவின் தலைநகரான நோம் பென்னில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. கெமர் ரூஜ் ஆட்சியில் அது டுவோல் ஸ்லெங் சிறையானது. 12,000 பேருக்கும் அதிகமானவர்கள் அங்கே அடைக்கப்பட்டார்கள்; உயிரோடு மீண்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உள்ளே வருகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்திப் படம் எடுத்தார்கள். பலருக்கு அதுதான் கடைசிப் படம். நேராக கேமராவைப் பார்க்கிற கண்கள். எடுத்தது யார் என்றால், சிறைக்காரர்கள். அந்த முகங்களைத்தான் லே 1990-களின் பிற்பகுதியில் கம்போடியாவின் பழம்பெரும் அங்கோர் கோயில் சிற்பங்களின் படங்களோடு பின்னினார். கல்லில் செதுக்கிய தேவதையின் புன்னகைக்கு நடுவே ஒரு கைதியின் கண் திறந்திருக்கிறது. ஒரே நாட்டின் பெருமையும் கொடுமையும் ஒரே பாயில். எடுத்தவனுக்கே படம் சொந்தம் என்று நீங்கள் சொல்வீர்களானால், அந்தக் கைதிகளின் முகங்கள் என்றென்றைக்கும் சிறைக்காரர்களுக்கே சொந்தமாக இருக்கும். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

அதே முறையில் அப்புறம் போர்க்களப் புகைப்படங்களையும் ஹாலிவுட் படக் காட்சிகளையும் பின்னினார். பத்து வயதில் நாட்டை விட்டவருக்கு எது தன் கண்ணால் கண்டது, எது செய்தியில் பார்த்தது, எது சினிமாவில் வந்தது என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது. அந்தக் குழப்பத்தை அவர் ஒளிக்கவில்லை. பின்னிக் காட்டினார்.

பழைய கடைப் படங்களுக்கு வருகிறேன். 1990-களில் வியட்நாமுக்குத் திரும்பிப் போய் ஹோ சி மின் நகரத்திலேயே தங்கிவிட்டார். (வெளிநாட்டில் பெயர் வாங்கியவர் என்கிறீர்களே, குடியிருந்ததும், 2024 ஏப்ரலில் இறந்ததும் அங்கேதான்.) அங்கே பழம்பொருள் கடைகளில் பெட்டி பெட்டியாகக் குடும்பப் படங்கள் கிடந்தன. கல்யாணம், குழந்தையின் முதல் வயது, ஸ்டூடியோவில் திரை முன்னால் நிற்கிற அக்கா தங்கை. போரில் சிதறியவர்கள், படகேறிப் போனவர்கள் விட்டுச் சென்றவை. தன் வீட்டுப் படம் ஒன்றாவது அகப்படாதா என்றுதான் தேட ஆரம்பித்தார். அகப்படவில்லை. கிடைத்தவற்றையெல்லாம் வாங்கினார். அவற்றில் சுமார் 1,500 படங்களை நூலால் கோத்து ஒரு பெரிய போர்வை போலத் தொங்கவிட்டார். சில படங்களின் பின்பக்கத்தில் கடிதங்களிலிருந்தும், வியட்நாமியர் நெஞ்சில் வைத்திருக்கிற கியூ காவியத்திலிருந்தும் வரிகளை எழுதினார். யார் யாருடையவோ படம் என்று எழுதியிருக்கிறீர்கள். வன்னியிலிருந்து வந்த எவரிடமாவது கேட்டுப் பாருங்கள், அம்மாவின் கல்யாணப் படம் எங்கே என்று. ஆல்பத்தை விட்டுவிட்டு ஓடிய வீடுகள் நமக்குப் புதியவை அல்ல.

2011-இல் சிட்னியில் அதே மாதிரிப் படங்களை ஆயிரக்கணக்கில் தரையில் பரப்பினார். எதிரே திரையில் பழைய பாய்மரக் கப்பல் ஒன்று கடற்கரையில் எரிகிறது. அதற்கு முந்தைய டிசம்பரில் கிறிஸ்துமஸ் தீவுப் பாறையில் அகதிப் படகு மோதி உடைந்து பலர் மாண்டிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் குனிந்து ஒரு படத்தை எடுக்கலாம். அது ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் சேர்க்கப்பட்டது, உரியவர் என்றாவது தேடி வந்தால் கிடைக்கட்டும் என்று.

ஹெலிகாப்டர் இரண்டு பேர் செய்ததுதான். மறைத்தால்தானே குற்றம்? லே வான் டான் என்ற விவசாயி, ட்ரான் குவோக் ஹாய் என்ற மெக்கானிக் என்று பெயர் சொல்லியே காட்டினார். தை நின் மாகாணத்துக்காரர் ஹாய். பள்ளியில் படித்து வந்த என்ஜினியர் அல்ல. பழைய உதிரிப் பாகங்களை வைத்துக் கட்டினார்கள். வயலில் மருந்து தெளிக்கலாம், அவசரத்துக்கு ஆளைத் தூக்கிப் போகலாம் என்பது அவர்கள் கனவு. 2006-இல் லே வேறு இரண்டு கலைஞர்களோடு சேர்ந்து மூன்று திரை வீடியோ ஒன்று செய்தார். ஹாய் பேசுகிறார், போர்க்காலத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டு வயலில் ஓடி ஒளிந்த பெண்களும் பேசுகிறார்கள். தொடக்கத்தில் தண்ணீர்மேல் தட்டான்பூச்சிகள். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று அவர்களும் சொல்வார்கள், நம் ஊரைப் போலவே. வானத்தைப் பார்த்து மழையைக் கணித்த ஜனங்கள் ஒரு காலத்தில் அதே வானத்தைப் பார்த்துச் சாவைக் கணித்தார்கள். 2010-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அந்த ஹெலிகாப்டரும் வீடியோவும் வைக்கப்பட்டன. நெஞ்சு நிறைய உலோகப் பறவையை நேசிக்கிற ஒரு வியட்நாமியரை அமெரிக்கர்கள் அங்கே பார்த்தார்கள். அவர்கள் அதற்கு முன் கேட்டிராத கதை அது.

போரைக் காட்டிப் பெயர் வாங்கினார் என்கிற குற்றச்சாட்டுக்குக் கடைசியாக ஒன்று. 1998-இல் ஹோ சி மின் நகரத்துச் சந்தையில் ஒரு மாதம் உண்மையாகவே கடை போட்டார். போரில் அமெரிக்கப் படை காடுகள்மேல் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற களைக்கொல்லி நஞ்சின் விளைவாக ஒட்டிப் பிறந்ததாகச் சொல்லப்பட்ட இரட்டைக் குழந்தைகளுக்கான சட்டைகள், இரண்டு கழுத்து வைத்துத் தைத்தவை. பொம்மைகளும் அப்படியே. சொந்த ஊரே பேசத் தயங்கிய விஷயம் அது. 2007-இல் மூன்று கலைஞர்களோடு சேர்ந்து சான் ஆர்ட் என்ற இடத்தை அதே நகரத்தில் தொடங்கினார், லாப நோக்கமில்லாமல், இளைஞர்களுக்காக. கண்காட்சி வைக்க அரசு அனுமதி வாங்க வேண்டிய ஊரில் அதை நடத்துவது சும்மா அல்ல.

அடுத்த இதழின் நடுப்பக்கத்தில், இரண்டு பக்கம் அகலத்துக்கு, அந்தப் பின்னல் படத்தை மறுபடியும் போடுகிறோம். பின்னைக் கழற்றித் தாளை விரித்துச் சுவரில் ஒட்டி, நாலடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு எழுதுங்கள், அதையும் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.
– ஆசிரியர்