லட்சக்கணக்கானோர் பதிந்தும் பொருந்தும் கொடையாளர் கிடைக்காதது ஏன்?

கேள்வி: இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட என் தம்பிக்கு எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்படுகிறது. எனக்கும் அக்காவுக்கும் அவனுடைய இரத்த வகைதான். ஆனாலும் பொருந்தவில்லை என்கிறார்கள். பல லட்சம் பேர் பதிந்துள்ள தேசியப் பதிவேட்டிலும் யாரும் அகப்படவில்லை. எங்கள் சமூகத்தாரிடையே கொடையாளர் முகாம் நடத்தினால் பலன் இருக்குமா?

பதில்: மஜ்ஜைக் கொடையாளரைத் தேர்ந்தெடுக்க இரத்த வகை அளவுகோல் அன்று. தன்னுடையது எது, அயலது எது என்று நோயெதிர்ப்பு அணுக்கள் இனங்காண உதவும் எச்.எல்.ஏ புரதங்களே பார்க்கப்படுகின்றன. இவற்றுக்குரிய மரபணுக்கள் ஆறாம் குரோமோசோமில் அடுத்தடுத்து இருப்பதால், தந்தையிடமிருந்து ஒரு தொகுப்பும் தாயிடமிருந்து ஒரு தொகுப்புமாக, பெரும்பாலும் பிரியாமல் பிள்ளைக்கு வந்து சேர்கின்றன. ஆகவே உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு; இருவருமே பொருந்தாமல் போகும் வாய்ப்பு 56 சதவீதம்.

குடும்பத்துக்கு வெளியே போனால் கணக்கு கடுமையாகிறது. இம்மரபணுக்களில் 30,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள் இதுவரை இனங்காணப்பட்டுள்ளன. பரிசோதனை அறிக்கையில் ஒருவருக்கு 'ஏ 02:01' என்ற வடிவமும் மற்றவருக்கு 'ஏ 02:06' என்ற வடிவமும் இருந்தால், இரண்டுக்கும் ஒரேயொரு அமினோ அமிலம்தான் வேறுபாடு. ஆனால் அது, நோயெதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டவேண்டிய புரதத் துண்டுகளை ஏந்தும் பள்ளத்தில் அமைந்திருப்பதால் பொருத்தமின்மையாகவே கொள்ளப்படும்.

தம்பியின் இரு தொகுப்புகளும் மக்கள்தொகையில் தலா 1 சதவீதம் காணப்படுபவை என்று வைத்துக்கொள்வோம்: 5,000 பேரில் ஒருவர் பொருந்துவார். ஒன்று மட்டும் 0.01 சதவீதம் என்றால் 5 லட்சத்தில் ஒருவர். இரண்டுமே அவ்வளவு அரிதானால் 5 கோடியில் ஒருவர். இந்த விகிதங்களும் நாடு முழுவதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணம் முடிக்கும் பிரிவினரிடையே, நாட்டளவில் அரிதான ஒரு தொகுப்பு மிகச் சாதாரணமாக இருக்கக்கூடும். அப்பிரிவினர் பதிவேட்டில் இல்லையென்றால், மற்றவர்கள் எத்தனை லட்சம் பேர் சேர்ந்தாலும் உங்கள் தேடல் அசையாது.

ஆகவே முகாம் பயன் தருமா என்பதற்கு உங்கள் பெற்றோரின் பின்னணியே விடை சொல்லும். இருவரும் ஒரே பிரிவினர் என்றால் நடத்துவதில் பொருளுண்டு. வெவ்வேறு பின்னணியினர் என்றால், இரு தொகுப்புகளும் சேர்ந்தே அமைந்த ஒருவர் எந்தப் பக்கத்திலும் எளிதில் கிடைக்கமாட்டார். அம்முகாம் பிற்காலத்தில் வேறொரு நோயாளிக்கு உதவலாம், தம்பிக்கு உதவும் என்று நம்பிக் காலத்தைக் கழிக்காதீர்கள். தூரத்து உறவினர்களை வரிசையாகச் சோதிப்பதையும், பெற்றோர் இரத்த உறவினராக இருந்தாலன்றி, நான் பரிந்துரைப்பதில்லை.

மருத்துவரிடம் இரண்டு கேளுங்கள்: உலகப் பதிவேடுகளிலும் தேடியாயிற்றா? அரைப் பொருத்த மாற்று சாத்தியமா? பெற்றோர் இருவருமே அவனுக்குப் பாதியளவு பொருந்துபவர்கள். நீங்களோ அக்காவோ பாதி பொருந்துகிறீர்களா என்பது ஏற்கெனவே கையிலுள்ள அறிக்கையிலேயே இருக்கும். மாற்றுக்குப் பின், நோயெதிர்ப்பு அணுக்களின் தாக்குதலை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தைக் கொடுக்கும் முறை வந்தபின் இவ்வழி பரவலாகக் கையாளப்படுகிறது. கொடையாளரை முடிவு செய்யுமுன், அவருடைய எச்.எல்.ஏ-வுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் தம்பியின் இரத்தத்தில் உள்ளனவா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.