தையலில் நீர் கசிந்தால் எப்போது பயப்பட வேண்டும்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. கோயம்புத்தூரில் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்து இன்றோடு எட்டு நாள். நேற்றிலிருந்து தையலில் நீர் கசிகிறது. தெரிந்த கம்பவுண்டர் தினமும் வந்து, நுரைக்கிற மருந்தை ஊற்றித் துடைத்துப் பவுடர் தூவுகிறார். தடவைக்கு 300 ரூபாய். இது போதுமா, கீழே இறங்க வேண்டுமா?

பதில்: முதலில் அந்தக் கம்பவுண்டரை நிறுத்துங்கள். நுரைப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. கிருமி சாவதுபோலத் தெரியும். புதிதாக வளரும் சதையும் அதில் கெடுகிறது. பவுடர் காய்ந்து மேலே மூடிக்கொண்டால் அடியில் சீழ் கட்டுவது கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள், காப்பித்தூள், நம் ஊர் யூகலிப்டஸ் தைலம், கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் எதுவும் வேண்டாம். சோப்பால் கைகழுவி, சலைனில் (கிருமி நீக்கிய உப்புநீர்) துடைத்து, சுத்தமான காஸ் துணி வைத்தால் போதும்.

ஆனால் ஏழாம் நாள் புதிதாகத் தொடங்கிய கசிவை இன்றைக்கே டாக்டர் பார்த்தாக வேண்டும். அதற்குக் கோத்தகிரி அரசு மருத்துவமனையே போதும். குளிர் என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு காய்ச்சலைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் இங்கே அதிகம். தெர்மாமீட்டர் வையுங்கள், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஓர் அறிகுறி தெரிந்தால் மட்டும் காத்திருக்கவே கூடாது. ரத்தம் கலந்த இளஞ்சிவப்பு நீர் திடீரென்று துணி நனையக் கொட்டினால், மேல்தோல் ஒட்டியிருந்தாலும் உள்தையல் விட்டிருக்கலாம். இருமும்போது "ஏதோ விட்டுப்போச்சு" என்று அம்மா சொன்னாலும் அப்படித்தான். உடனே 108. முழங்காலை மடக்கிப் படுக்க வையுங்கள். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சலைனில் நனைத்த சுத்தத் துணியால் மூடுங்கள். தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். "காலையில் பார்க்கலாம்" என்று ஒரு ராத்திரி தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து.

எனக்கு ஆற்றாமை வேறொன்றில். டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க ஆங்கிலம். டிரெஸ்ஸிங் எப்படி, யாரைக் கூப்பிடுவது என்று தமிழில் நாலு வரி எழுதித் தர நேரமில்லையாம். ஆபரேஷன் ஆனவர் மலையேறி வந்துவிட்டார் என்று ஊர்ச் செவிலியருக்கும் யாரும் சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் 300 ரூபாய்க்காரர் நுழைகிறார். நீங்களே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவையுங்கள். தையல் பிரிக்க அங்கேயே முடியுமா என்றும் கேளுங்கள்.

இன்று கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, சர்க்கரை அளவு எழுதிய தாள், கம்பவுண்டர் மாத்திரை ஏதும் கொடுத்திருந்தால் அதன் அட்டை எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.