வாசகர் கேள்வி – பதில்: ஊர் திரும்புவோரும் குடியுரிமையும்

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக அமெரிக்காவில் வசிக்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றேன். என் மனைவி கிரீன் கார்டு வைத்திருக்கிறார். இந்தியக் குடியுரிமையை விடவில்லை. அங்கேயே பிறந்த எங்கள் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள். எண்பது வயதான என் தாயாருடன் இருப்பதற்காக அடுத்த ஆண்டு குடும்பத்தோடு ஊர் திரும்ப முடிவு செய்திருக்கிறோம். அம்மா தம் பெயரில் உள்ள நான்கு ஏக்கர் நஞ்சையை எனக்குத் தான செட்டில்மென்டாக எழுதித் தர விரும்புகிறார். நாங்கள் இங்கே நிரந்தரமாகத் தங்குவதிலும் நிலத்தைப் பெறுவதிலும் தடை ஏதும் உண்டா?

பதில்: ஒரே வீட்டில் வாழப்போகும் உங்கள் மூவரின் நிலையும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு. ஆகவே ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, தாமாக விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெறுபவர் அந்த நாளிலேயே இந்தியக் குடிமகனாக இருப்பது நின்றுவிடுகிறது. பழைய பாஸ்போர்ட்டில் இன்னும் காலம் மிச்சமிருக்கிறது என்பது இதை மாற்றாது. அதைத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் பெற்றிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். குடியுரிமை மாறிய பிறகும் பழைய பாஸ்போர்ட்டில் பயணம் செய்து, பின்னர் அபராதம் கட்டியவர்கள் பலர்.

நீங்கள் தங்குவதற்கு வழி, இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா – கடல்கடந்த இந்தியக் குடிமகன்) அட்டை. பெயரில் குடியுரிமை என்ற சொல் இருந்தாலும், அது தருவது குடியுரிமை அன்று. வாழ்நாள் முழுவதும் வந்து போகவும், எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் தங்கவும் அளிக்கப்படும் உரிமை. வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் நீங்கள் பதிந்துகொள்ள வேண்டியதில்லை; ஆனால், இங்கேயே வசிக்கும்போது நிரந்தர முகவரியோ தொழிலோ மாறினால் அந்த அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும் என்று 2021 மார்ச் 4ஆம் தேதி அறிவிக்கை சொல்கிறது. வாக்குரிமை கிடையாது, பொதுவாக அரசுப் பணியிலும் சேர முடியாது.

நிலத்தைப் பற்றிய உங்கள் கேள்விதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. வீடு, மனை ஆகியவற்றை ஓ.சி.ஐ. அட்டைதாரர் வாங்கலாம், பெற்றோரிடமிருந்து தானமாகவும் பெறலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப் பயிர் நிலம் ஆகியவற்றை வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. ஆனால் வாரிசுரிமையாக வருவதற்குத் தடை இல்லை. அதாவது, அதே நான்கு ஏக்கரை, அதே தாயார், அதே மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதினால் விதிமீறல். உயில் எழுதி, அது அவர் காலத்துக்குப் பின் நடைமுறைக்கு வந்தால் முறையானது. செட்டில்மென்ட் எழுதுவது நம் ஊரில் அவ்வளவு வழக்கமாகிவிட்டதால், பிள்ளை எந்த நாட்டுக் குடிமகன் என்ற கேள்வியே பல வீடுகளில் எழுவதில்லை. பின்னாளில் நிலத்தை விற்கப் போகும்போதுதான் சிக்கல் தெரியவருகிறது. தயவுசெய்து சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். வாரிசாகப் பெற்ற நஞ்சையை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு விற்பதே முறை.

உங்கள் மனைவியின் நிலை இதற்கு நேர்மாறானது. இந்தியக் குடிமகளாகிய அவர் இங்கே தங்க எந்த அட்டையும் தேவையில்லை. வெளிநாட்டில் வசிக்கும் வரை அவரும் விவசாய நிலம் வாங்கவோ தானமாகப் பெறவோ முடியாது என்றாலும், நிலையாகத் தங்கும் எண்ணத்துடன் ஊர் திரும்பியதும் அந்தத் தடை அவருக்கு நீங்கிவிடும். அவர் இழக்கக்கூடியது அமெரிக்காவில் வாழும் உரிமையைத்தான். மறுநுழைவு அனுமதி இல்லாமல் ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் கிரீன் கார்டைக் கொண்டு அங்கே திரும்ப இயலாது. அமெரிக்க மண்ணில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டிய அந்த அனுமதியும் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே கிடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை போய்த் தலைகாட்டிவிட்டு வந்தால் போதும் என்று பலரும் சொல்வதை நம்ப வேண்டாம். உண்மையில் எங்கே குடியிருக்கிறார் என்பதைத்தான் அங்குள்ள அதிகாரிகள் பார்ப்பார்கள்.

மகளுக்கு எந்தத் தேதியில் ஓ.சி.ஐ. அட்டை தரப்பட்டது என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள். 2021 அறிவிக்கைக்குப் பிறகு, ஓ.சி.ஐ. மாணவர்கள் நீட் தேர்வு எழுதினாலும் வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடங்களுக்கே போட்டியிட முடியும். அந்த இடங்களின் கட்டணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால், 2021 மார்ச் 4ஆம் தேதிக்கு முன்பே அட்டை பெற்றவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

மீண்டும் இந்தியக் குடிமகனாக நீங்கள் விரும்பினால் வழி அடைபட்டுவிடவில்லை. ஐந்து ஆண்டுகள் ஓ.சி.ஐ. அட்டைதாரராக இருந்து, விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்கள் இந்தியாவில் வசித்தவர் விண்ணப்பிக்கலாம். அப்போது அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தாக வேண்டும். மகளின் படிப்பு முடியும் வரையாவது அந்த முடிவை ஒத்திவைப்பது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாக் குடியுரிமை பெற்றவள் நான். வயது 61. ஊரோடு போய் இருக்க விரும்புகிறேன். எனக்கும் இதே சட்டம்தானா?

பதில்: இல்லை, அம்மா. இலங்கைச் சட்டமும் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரின் இலங்கைக் குடியுரிமையை நீக்கிவிடுகிறது. ஆனால் இந்தியாவில் இல்லாத ஒரு வழி அங்கே இருக்கிறது. கனடாக் குடியுரிமையை விடாமலேயே, இழந்த இலங்கைக் குடியுரிமையை இரட்டைக் குடியுரிமையாகத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். 2011இல் நிறுத்தப்பட்ட இந்த ஏற்பாடு 2015இல் மீண்டும் தொடங்கியது. 55 வயதைக் கடந்தவர்கள் என்ற பிரிவிலேயே நீங்கள் விண்ணப்பிக்க இயலும். குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அனுமதித்துவிட்டால் விசா இன்றி வசிக்கலாம். வெளிநாட்டினர் காணி வாங்குவதைத் தடுக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. 2022இல் வந்த 21ஆம் அரசியலமைப்புத் திருத்தம் அவர்கள் நாடாளுமன்ற உறுப்பினராவதைத் தடுக்கிறதே தவிர, ஊரில் வாழ்வதைத் தடுக்கவில்லை. உங்கள் பிறப்புச் சான்றிதழையும் பழைய இலங்கைக் கடவுச்சீட்டையும் தேடி எடுத்துவைத்துக்கொண்டு, ஒட்டாவாவில் உள்ள இலங்கைத் தூதரகத்திலோ டொராண்டோவில் உள்ள துணைத் தூதரகத்திலோ விண்ணப்ப முறையைக் கேளுங்கள்.