ஆறு ஏர்பேக் இருந்தால் போதுமா? வேலூர் வாசகர்களின் கார் கேள்விகள்

சத்துவாச்சாரியில் இருக்கிறோம் சார். வீட்டில் நாலு பேர், இதுதான் முதல் கார். "ஆறு ஏர்பேக் இருக்கு, அப்புறம் என்ன கவலை" என்கிறார் ஷோரூம்காரர். நம்பி வாங்கலாமா?

ஏர்பேக்கை எண்ணி கார் வாங்காதீர்கள். கார்களை மோதவிட்டுப் பார்த்து ஸ்டார் கொடுக்கும் குளோபல் என்கேப் சோதனையில் 2018-ல் டாடா நெக்ஸான் இரண்டே ஏர்பேக்கோடு ஐந்து ஸ்டார் வாங்கியது. 2022-ல் கியா கேரன்ஸுக்கு ஆறு ஏர்பேக் இருந்தும் மூன்று ஸ்டார்தான். ஏர்பேக் தன் வேலையைச் செய்ய வேண்டுமானால் இரண்டு விஷயம் முதலில் சரியாக இருக்க வேண்டும்: ஆள் உட்காரும் கூடு நசுங்காமல் நிற்க வேண்டும், ஆள் பெல்ட் போட்டிருக்க வேண்டும்.

இருபது வருடமாக இன்சூரன்ஸ் சர்வேயராக இருக்கிறேன். மோதிய வண்டியைப் பார்க்கப் போனால் முதலில் டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடியைத்தான் பிடிப்பேன். கையால் இழுத்ததும் கதவு திறந்தால் மனசு கொஞ்சம் லேசாகும். உள்ளே இருந்த அறை நசுங்கவில்லை என்று அர்த்தம். அடுத்து குனிந்து, பிரேக் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்ப்பேன். கால் பிழைத்ததா என்பதை அந்த இடமே சொல்லிவிடும்.

2023 அக்டோபரிலிருந்து நமக்கே பாரத் என்கேப் இருக்கிறது. 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் முன்பக்கத்தில் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் படுகிற மாதிரி மோதவிடுவார்கள். பெரியவர்களுக்கு 32 மார்க், குழந்தைகளுக்கு 49 மார்க், இரண்டுக்கும் தனித்தனி ஸ்டார். ஷோரூமில் இரண்டையும் கேளுங்கள். கம்பெனிகள் தாமாக முன்வந்து செய்யும் சோதனை இது, கட்டாயம் இல்லை. அதனால் ஸ்டாரே இல்லாத வண்டிகளும் விற்பனையில் இருக்கும்.

ஆம்பூரிலிருந்து: புது வண்டியின் பானட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. பழைய அம்பாசடர் மாதிரி கெட்டித் தகடு இருந்தால்தானே பாதுகாப்பு?

அந்தத் தகடு வெறும் போர்வை. அடியை வாங்குவது உள்ளே இருக்கும் இரும்புச் சட்டங்கள். முன்பக்கம் மடிந்து மடிந்து வேகத்தைத் தின்ன வேண்டும், ஆள் இருக்கும் அறை மட்டும் விறைப்பாக நிற்க வேண்டும். முன்பக்கம் மடியாத வண்டியில் அந்த அடி முழுக்க உங்கள் நெஞ்சுக்குத்தான் வரும்.

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா: பிள்ளைக்கு ஒன்றரை வயது. முன் சீட்டில் அத்தை மடியில்தான் உட்காருவான். கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

அத்தையின் பாசத்தில் குறை இல்லை, ஆனால் யார் கைக்கும் அந்த பலம் கிடையாது. குழந்தை 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நின்றால், கைகள் தாங்க வேண்டியது ஏறக்குறைய 140 கிலோ. 50 கிலோ அரிசி மூட்டை இரண்டை ஒரே நேரத்தில் தாங்குவதற்கும் மேல். அதோடு முன் ஏர்பேக் வெடித்து விரிவது குழந்தையின் முகத்தில்.

பின் சீட்டில், ஐசோஃபிக்ஸ் கொக்கியில் (குழந்தை சீட்டை மாட்டவே காரில் பொருத்தியிருக்கும் உலோகக் கொக்கி) மாட்டும் குழந்தை சீட் வாங்குங்கள். இந்த வயதில் குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்த்திருப்பது நல்லது. அந்த மாதிரி சீட்டை ஏர்பேக் உள்ள முன் சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். முதல் நாலு நாள் அழுவான். அழட்டும் தாயி, பழகிவிடுவான்.

ராணிப்பேட்டை: பம்பருக்கு முன்னால் இரும்புத் தடுப்பு (கார்டு) போடலாமா?

வேண்டாம். 2017-லேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. அடி நேராக வண்டியின் இரும்புச் சட்டத்துக்குப் போய்விடும், ஏர்பேக் சென்சாரும் குழம்பும். அதேபோல, சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் இறுக்கமான சீட் கவர் போட்டு அதை அடைக்காதீர்கள்.

பள்ளிகொண்டா: ஐந்து ஸ்டார் வண்டி. பெங்களூரு ரோட்டில் 100-ல் போனால் தைரியமாக இருக்கலாம்தானே?

இந்தக் கேள்விதான் என்னை அதிகம் கலங்க வைத்தது. ஸ்டார் கொடுத்தது 64-ல். 100-ல் மோதலின் சக்தி அதைப் போல கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்னால் போய் மோதுவது அந்தச் சோதனையில் கிடையவே கிடையாது. லாரியின் பின்பக்கம் நம் பம்பரைவிட உயரம். கார் அடியில் நுழைந்துவிடும். மடிய வேண்டிய முன்பக்கம் மடியாமலே அடி நேராகக் கண்ணாடிக்கு வந்துவிடும். நான் பார்த்த மோசமான வண்டிகளில் பல இப்படிப்பட்டவை. இரவில் அந்த ரோட்டில் 80-ஐத் தாண்டாதீர்கள், இடது ஓரத்தை ஒட்டிப் போகாதீர்கள்.

காட்பாடி: பின் சீட்டில் பெல்ட் எதற்கு? முன் சீட்தான் தடுக்குமே.

போன வருடம் ஒரு வண்டியைப் பார்த்தேன். முன்னால் இரண்டு ஏர்பேக்கும் விரிந்திருந்தன. ஆனால் டிரைவர் சீட்டின் முதுகு பின்னாலிருந்து முன்னுக்கு வளைந்திருந்தது. பின்னால் இருந்தவர் முட்டிய அடி. பெல்ட் கொக்கியைத் தேடினால், சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தது, துளைக்குள் பிஸ்கட் தூள். வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதே இல்லை. பெல்ட் போட்டிருந்த டிரைவருக்கும் முதுகில் அடி. சட்டப்படி 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. இன்றைக்கே கவரைத் தூக்கி, கொக்கிகளை வெளியே எடுத்து வையுங்கள்.

ஆரணி: 2012 வண்டி, ஏர்பேக் இல்லை. வெளியில் போட்டுக்கொள்ளலாமா?

முடியாது. சென்சார், கூடு, பெல்ட் எல்லாம் ஒரே கணக்கில் செய்த அமைப்பு அது. கையில் இருப்பதைச் சரியாக வையுங்கள். நான்கு பெல்ட்டையும் முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் நூல் பிரிந்திருந்தால் மாற்றுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பிடித்து நிற்க வேண்டும். ஒரு பெரிய மோதலில் இழுபட்ட பெல்ட் என்றால், பார்க்க நன்றாக இருந்தாலும் புதிதுதான் போட வேண்டும்.