புளி, நிலக்கடலை, கொள்ளு ஏற்றுமதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் மகளிர் குழு கொட்டை எடுத்த புளியை வெளிநாட்டுக்கு அனுப்ப விரும்புகிறது. அபேடாவில் (மத்திய அரசின் வேளாண் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம்) பதிவு செய்தால் போதுமா? (காரிமங்கலம் வாசகி)

பதில்: புளிக்கு அபேடா பொருந்தாது. 1986ஆம் ஆண்டின் நறுமணப் பொருள் வாரியச் சட்டம் பட்டியலிட்டுள்ள 52 பொருள்களுள் புளியும் ஒன்று என்பதால், கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட நறுமணப் பொருள் வாரியத்தில்தான் நீங்கள் ஏற்றுமதியாளராகப் பதிவு பெற வேண்டும். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வழங்கும் ஐ.இ.சி. என்னும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். அபேடா பதிவு நிலக்கடலைக்கும் பருப்பு வகைகளுக்கும் உரியது.

ஆனால், புளி திரும்பி வருவது பெரும்பாலும் காகிதக் குறையால் அன்று. மண், நார், உடைந்த கொட்டைத் துண்டு ஆகியவற்றால்தான். மண்தரையில் உட்கார்ந்து தட்டிக் கொட்டை எடுக்கும் வழக்கம் நம் பகுதியில் இன்னும் இருக்கிறது. பிசுபிசுப்பான சதையில் ஒட்டிக்கொண்ட மணலை எந்தச் சல்லடையாலும் பிரிக்க முடியாது. கோடை வெப்பத்தில் வைத்திருந்தால் புளி கருத்து விலையும் இறங்கும் என்பதால், பறித்த பருவத்திலேயே அனுப்பிவிடுங்கள். இயலாவிட்டால் குளிர்பதனக் கிடங்கில் வையுங்கள். முதல் சில ஆண்டுகளுக்கு, முன்பே ஏற்றுமதி செய்துவரும் வணிகருக்குச் சரக்கு கொடுத்துப் பழகுவதே குழுவின் பணத்துக்குப் பாதுகாப்பு.

கேள்வி: மானாவாரி நிலக்கடலை எங்களிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஐரோப்பிய வணிகர் அஃப்லடாக்சின் சான்று கேட்கிறார். ஆய்வகத்தில் ஒரு கிலோ கொடுத்துச் சான்று வாங்கிவிட்டால் முடிந்ததா? (ஊத்தங்கரை வாசகர்)

பதில்: முடியாது. அஃப்லடாக்சின் என்பது ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை முதல் வகையில் சேர்த்துள்ளது. நேரடியாக உண்ணும் நிலக்கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ள உச்ச வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். அதிலும் பி1 என்னும் வகை 2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் வரம்பு 20. இந்த நஞ்சு சரக்கு முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான பருப்புகளுள் ஒன்றிரண்டில் மட்டும் மிகுதியாகத் தேங்கியிருக்கும். ஆகவே, உங்கள் ஒரு கிலோவில் அகப்படாதது துறைமுகத்தில் அவர்கள் எடுக்கும் பெரிய மாதிரியில் அகப்படலாம். பல மூட்டைகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து அரைத்த மாதிரியே ஓரளவு நம்பத்தக்கது.

நஞ்சு தொடங்குவது வயலில். காய் முற்றும் வாரங்களில் வறட்சி வந்தால் பூஞ்சணம் காய்க்குள் நுழையும். ஆடிப்பட்டக் கடலையைப் பிடுங்கும்போது வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் காய் உலர்வது தாமதமாகிப் பூஞ்சணம் பெருகும். பிடுங்கிய செடியைக் காய் மேலாகத் திருப்பிப் போட்டு உலர்த்துவதும், குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்கும் வரை காய வைப்பதும் நம் பெரியவர்கள் அறிந்தவைதாம். பருப்பின் ஈரப்பதம் 7 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும்.

நான் கடுமையாக எதிர்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. உடைக்கும்போது பருப்பு பிளவுபடாமல் இருக்கவும் எடை கூடவும், காய்ந்த காயின் மேல் தண்ணீர் தெளித்து ஓரிரவு மூடி வைத்து, மறுநாள் இயந்திரத்தில் விடுகிறார்கள். வாரக்கணக்கில் காய வைத்த பயனை அந்த ஒரு குடம் தண்ணீர் போக்கிவிடுகிறது. வறுத்தாலும் இந்த நஞ்சு முழுமையாக அழிவதில்லை என்பதால், சுருங்கிய, நிறம் மாறிய, தோல் கிழிந்த பருப்புகளைக் கையால் பொறுக்கி நீக்குவதே மிஞ்சும் வழி. அப்படி நீக்கியவற்றை வீட்டுச் சட்னிக்கோ செக்குக்கோ அனுப்பாதீர்கள்.

கேள்வி: கொள்ளுப் பொட்டலத்தில் ‘சிறுநீரகக் கல்லைக் கரைக்கும், உடல் எடையைக் குறைக்கும்’ என்று அச்சிடலாமா? (போச்சம்பள்ளி வாசகர்)

பதில்: கூடாது. நோயைத் தீர்க்கும் என்று உணவுப் பொருளின் மேல் எழுதுவது ஐரோப்பாவில் மட்டுமன்று, நம் நாட்டிலும் விதிமீறல்; கல் கரையும் என்பது இன்னும் நிறுவப்பட்ட சிகிச்சையும் அன்று. உண்மையே உங்களுக்குப் போதுமான விளம்பரம். 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. மொத்த ஆற்றலில் 20 விழுக்காடாவது புரதத்திலிருந்து வந்தால் ‘புரதம் மிகுந்தது’ என்று குறிக்க ஐரோப்பிய விதி இடமளிக்கிறது. கொள்ளு அந்த அளவைத் தாராளமாகத் தாண்டுகிறது. கொள்ளுக்குப் பெரும் பகை வண்டு. அனுப்புமுன் உரிமம் பெற்ற நிறுவனத்தைக் கொண்டு புகைமூட்டிச் சான்று பெறுங்கள். 2006இல் பருப்பு ஏற்றுமதிக்கு வந்த தடை 2017 நவம்பரில் நீங்கிவிட்டது. எனினும் பருப்புக் கொள்கை விலைவாசியைப் பார்த்து மாறுவது என்பதால், ஒப்பந்தம் எழுதும் நாளில் அன்றைய நிலையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உலர்ந்த மாம்பழத் துண்டு நிறம் மாறாதிருக்கக் கந்தகம் சேர்க்கலாமா? (பர்கூர் வாசகர்)

பதில்: அனுமதித்த அளவுக்குள் சேர்க்கலாம். கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சல்பைட் இருந்தால், அதைப் பொட்டலத்தில் குறிப்பிடுவது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது மூச்சுத்திணறலை உண்டாக்கும். கந்தகம் இல்லாத பழுப்புநிறத் துண்டைத் தேடி வாங்குவோரும் பெருகி வருகிறார்கள். எனவே, மங்கிய நிறத்தைக் குறையாக எண்ண வேண்டியதில்லை.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். உலர்திராட்சை நல்லதா, வேர்க்கடலை நல்லதா? (பாலக்கோடு வாசகி)

பதில்: கடலை. நீர் வற்றிய திராட்சையில் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். கடலையில் புரதமும் நல்ல கொழுப்பும் இருப்பதால் இரத்தச் சர்க்கரை மெதுவாகவே ஏறும். ஆயினும் 30 கிராமில் ஏறத்தாழ 170 கலோரி இருப்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு கைப்பிடி, உப்பில்லாமல், மாலைப் பலகாரத்துக்குப் பதிலாக உண்ணுங்கள்; பலகாரத்தையும் தின்றுவிட்டுக் கூடுதலாக வேண்டாம்.

கேள்வி: தருமபுரியில் விளையும் பேரீச்சையை உலர்த்தி அனுப்ப முடியுமா? (பென்னாகரம் வாசகர்)

பதில்: இங்குப் பயிராகும் பர்ரி வகை, மஞ்சளாக, மொறுமொறுப்பாக இருக்கும்போதே உண்ணத்தக்கது. அறுவடைக் காலத்தில் நம் காற்றில் ஈரமும் இடைமழையும் இருப்பதால், வளைகுடா நாடுகளைப் போல மரத்திலேயே உலரவிட இயலாது. பழமாகவே பெங்களூரிலும் சென்னையிலும் விற்றுவிடுங்கள்.