விமான டிக்கெட்: எப்போது வாங்கினால் காசு மிச்சம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகள் அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கிறாள். ஆகஸ்ட் கடைசியில் பிரசவம். நானும் என் கணவரும் ஜூலையில் சென்னையிலிருந்து கிளம்பி, ஆறு மாதம் கூட இருந்துவிட்டு வரலாம் என்றிருக்கிறோம். ஒரு வருடம் முன்பே டிக்கெட் எடுத்தால்தான் மலிவு என்கிறார்களே? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: ஒரு வருடம் முன்பு எடுக்க நினைத்தாலும் முடியாது. பெரும்பாலான விமான நிறுவனங்கள் பயண நாளுக்கு 330 முதல் 360 நாள் முன்புதான் முன்பதிவைத் திறக்கின்றன. போக வர ஒரே டிக்கெட்டாக எடுக்கும்போது திரும்பும் தேதியும் அந்தக் கணக்குக்குள் வர வேண்டும். ஜனவரி 5 திரும்புவதாக இருந்தால், 330 நாள் கணக்கில் பிப்ரவரி 9 வாக்கில்தான் அந்தத் தேதியே திரையில் வரும். திறந்த அன்றே வாங்கிவிடவும் வேண்டாம். குறைந்த விலை இடங்களை நிறுவனங்கள் பெரும்பாலும் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

விலையை முடிவு செய்வதில் பாதி, எந்தத் திசையில் கூட்டம் என்பதுதான். ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை இங்கிருந்து அமெரிக்கா போகும் விமானங்கள் நிரம்பி வழியும். கல்லூரியில் சேரப் போகும் மாணவர்கள், விடுமுறைக்கு ஊருக்கு வந்து திரும்பும் குடும்பங்கள் எல்லாம் அப்போதுதான் கிளம்புவார்கள். அதனால் ஜூலை முதல் பத்து நாளுக்குள் கிளம்பிவிடுங்கள். டிசம்பர் பாதியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை அங்கிருந்து இங்கே வரும் இடங்களுக்கு அடிபிடி. ஜனவரி முதல் வாரத்தில் அந்தக் கூட்டம் அமெரிக்காவுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். நீங்கள் அதற்கு எதிர்த்திசையில் வருவதால் விலை தணிந்திருக்கும். ஒன்று மட்டும் கவனம்: அமெரிக்காவுக்குள் நுழையும்போது அதிகாரி ஐ-94 என்ற வருகைப் பதிவில், எதுவரை தங்கலாம் என்று கொடுக்கும் கடைசித் தேதியைத் தாண்டக் கூடாது. ஜூலை 8 இறங்கி ஆறு மாதம் கிடைத்தால், ஜனவரி 5 திரும்புவது அதற்குள் அடங்கும்.

பிப்ரவரி பாதியில் கூகுள் ஃபிளைட்ஸில் தேதிகளைப் போட்டு, விலையைக் கண்காணிக்கும் பொத்தானை அழுத்தி வையுங்கள். விலை ஏறி இறங்கினால் மின்னஞ்சல் வரும். ஆறு வாரம் பார்த்தால், அந்தத் தடத்தில் விலை எதுவரை இறங்குகிறது என்பது பிடிபட்டுவிடும். மறுபடி அந்த விலை வரும் நாளில் யோசிக்காமல் வாங்குங்கள். வராவிட்டாலும் ஏப்ரலைத் தாண்ட வேண்டாம்.

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லை. துபாயிலோ தோஹாவிலோ ஒருமுறை மாறி நேரே டல்லாஸில் இறங்கும் வழி, சில ஆயிரம் கூடினாலும் உங்களுக்கு நல்லது. நியூயார்க்கிலோ சிகாகோவிலோ மாறினால், அங்கேயே குடியேற்றச் சோதனையை முடித்து, பெட்டிகளை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். பிரசவத் தேதி முன்பின் ஆகலாம் என்பதால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். ‘மாற்றுக் கட்டணம் இல்லை’ என்று போட்டிருந்தாலும், புது நாளின் விலை கூடுதலாக இருந்தால் அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

கேள்வி: திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஒருவருக்குத் தேடினால் 11,200 ரூபாய் காட்டுகிறது. ஐந்து பேர் என்று போட்டால் தலைக்கு 14,600. இது மோசடியா? (புதுக்கோட்டை வாசகர்)

பதில்: மோசடி இல்லை. ஒரே எகானமி வகுப்புக்குள் பல விலைப் படிகள் இருக்கும், ஒவ்வொரு படிக்கும் கணக்கான இடங்கள்தான். கீழ்ப்படியில் மூன்று இடம் மிச்சமிருக்கும்போது ஐந்து பேருக்குக் கேட்டால், கணினி பிரித்துப் போடாது. ஐந்து பேரையும் ஐந்து இடமுள்ள மேல்படிக்கு ஏற்றிவிடும். ஒருவர், இருவர், மூவர் என்று வரிசையாகத் தேடுங்கள். விலை எந்த எண்ணிக்கையில் குதிக்கிறதோ, அதற்கு முந்தைய எண்ணிக்கையோடு பிரித்து வாங்குங்கள். உங்கள் கணக்கில் மூவருக்கு 33,600, இருவருக்கு 29,200, ஆக 62,800. ஒன்றாக எடுத்தால் 73,000. பிள்ளைகளைப் பெரியவர் ஒருவர் இருக்கும் பிஎன்ஆரில்தான் சேர்க்க வேண்டும். விமானம் ரத்தானால் இரண்டு பிஎன்ஆருக்கும் தனித்தனியாகப் பேச வேண்டிவரும், அதையும் நினைவில் வையுங்கள். ஸ்கூட் போன்ற மலிவுக் கட்டண விமானங்களின் அடிமட்ட விலையில் பெட்டி சேராது. பெட்டிக்கான தொகையையும் கூட்டிய பிறகுதான் ஒப்பிட வேண்டும். அதையும் டிக்கெட்டோடு சேர்த்தே வாங்குங்கள், விமான நிலையத்தில் கூடுதலாகக் கேட்பார்கள்.

கேள்வி: செவ்வாய் நள்ளிரவில், இன்காக்னிட்டோவில் (பிரவுசர் தேடலைச் சேமிக்காத முறையில்) தேடினால் விலை குறையுமா? (மதுரை வாசகி)

பதில்: குறையாது, நிம்மதியாகத் தூங்குங்கள். நேற்று பார்த்த விலை இன்று இல்லையென்றால் பெரும்பாலும் அந்தப் படி விற்றுப்போயிருக்கும். வாங்கும் கிழமை முக்கியமில்லை, பறக்கும் கிழமையில்தான் வித்தியாசம். வார நடுவில் பறப்பது பெரும்பாலும் மலிவு. பணம் கட்டும் இடத்தில் டாலரா, ரூபாயா என்றும் பாருங்கள். வெளிநாட்டு நாணயத்தில் கட்டினால் பெரும்பாலான கிரெடிட் கார்டுகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கும், அதன்மேல் ஜிஎஸ்டி வேறு.

கேள்வி: கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். கைக்குழந்தையோடு ஜூலையில் போய் ஒரு மாதம் இருக்க ஆசை. கடைசி வாரத்தில் எடுத்தால் மலிவாமே? (ராமநாதபுரம் வாசகி)

பதில்: அப்படிக் காத்திருக்காதீர்கள். மலிவான விலைகள் பலவற்றுக்கு 21, 14, 7 நாள் முன்பே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அந்த நாள் கடந்தால் விமானம் காலியாக இருந்தாலும் அந்த விலை கிடைக்காது. நீங்கள் போகும் மாதம் என்னவோ நல்ல மாதம்தான். அங்கே பள்ளி மூடியதும் ஜூன் கடைசியில் எல்லோரும் ஊருக்கு வருவார்கள், எதிர்த்திசையில் இடம் தாராளமாகக் கிடைக்கும். ஆகஸ்ட் கடைசியில் இது தலைகீழாகும். ஆறு வாரம் முன்பு வாங்கினால் போதும். குழந்தைக்கு 2 வயது எப்போது நிறைகிறது? மடியில் வைத்துக்கொள்ளும் கைக்குழந்தைக்குப் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதமும் வரிகளும்தான். திரும்புவதற்குள் 2 நிறைந்துவிட்டால், அந்தப் பயணத்துக்குத் தனி இருக்கை எடுத்தாக வேண்டும்.

கேள்வி: வாங்கிய மறுநாளே விலை இறங்கினால்? (கோவை வாசகர்)

பதில்: அமெரிக்கா போகும், வரும் விமானங்களுக்கு ஒரு சட்டப் பாதுகாப்பு உண்டு. கிளம்ப 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விமான நிறுவனத்திடமே நேரடியாக வாங்கியிருந்தால், 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். சில நிறுவனங்கள் இதற்குப் பதிலாக, பணம் கட்டாமல் 24 மணி நேரம் விலையைப் பிடித்து வைத்துக்கொள்ள விடும். முகவரிடம் வாங்கினால் அவருடைய விதிதான். அந்த நேரம் கடந்துவிட்டால், ரத்துக் கட்டணத்தைவிட விலை அதிகமாக இறங்கியிருந்தால் மட்டும் ரத்து செய்யுங்கள். அப்போதும் புது டிக்கெட் கைக்கு வந்த பிறகே பழையதை ரத்து செய்யுங்கள். பெயர் ஒன்றே என்பதால் இரண்டையும் ஒரே விமானத்தில் எடுத்தால் இரட்டைப் பதிவு என்று கணினி நீக்கிவிடலாம், ஆகவே ரத்தைத் தள்ளிப்போடாமல் அன்றைக்கே முடித்துவிடுங்கள்.